வயலினில் வந்த ஸ்பானிய ஆடல்கள்

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியாகிய அந்தலூசியாவிலே 'சப்பாத்தெயாதோ' என்றோர் ஆடல் உண்டு. இப்பெயர் இலங்கைத் தமிழரின் செவிக்கு முற்றிலும் அந்நியமானதன்று. போர்த்துக்கேயர் இக்கரையிலே விட்டுச்சென்ற 'சப்பாத்து' என்னும் சொல்லும், காலணியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லாகிய 'சப்பாத்தோ'வும் உடன்பிறந்தவை. சப்பாத்தின் குதியாலும் நுனியாலும் பலகைத் தளத்தைத் தட்டித் தாளம் எழுப்புவதே இவ்வாடலின் உயிர். ஆடுவோனுடைய உடம்பின் மேற்பகுதி பெரும்பாலும் அசையாது நிற்கும். முகத்திலே நகைப்பும் இராது. காலடியிலே மாத்திரம் கூரைமேல் மாரிமழை பெய்வது போன்ற ஓசை எழும்.

இத்தகைய ஆடலை வயலினுக்குக் கொண்டுவருதல் எங்ஙனம்? வயலின் மனிதக் குரலுக்கு அணுக்கமான வாத்தியம். நீண்டு இழைந்து செல்லும் ஒலியே அதற்கு இயல்பு. தட்டொலியும் தெறிப்பொலியும் முழவுக்கும் கிற்றாருக்கும் உரியவை. அவ்வாறிருந்தும், 1880 ஆம் ஆண்டிலே பப்லோ டி சரசாத்தே என்னும் ஸ்பானிய வித்துவான் இவ்வாடலைத் தழுவி, வயலினுக்கும் பியானோவுக்குமாகச் சிறு உருப்படி ஒன்றை வெளியிட்டார். ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் அவ்வுருப்படியை இன்றும் பெருவித்துவான்கள் விரும்பி வாசிக்கின்றனர். கச்சேரி முடிவிலே சபையோரின் கரகோஷத்தைப் பெறுதற்கென்று செய்த வெறும் வித்தை என அதனை ஒதுக்குவாரும் உளர். அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராயுமுன் அவ்வித்துவானைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

சரசாத்தே பிறந்தது தெற்கே அன்று. ஸ்பெயினின் வடக்கிலே, மலைசூழ்ந்த நவாரா நாட்டின் தலைநகராகிய பம்பலோனாவில் 1844 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10 ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் படையினரின் பாண்டு வாத்தியக் குழுவுக்குத் தலைவர். ஐந்தாம் வயதில் தந்தையாரிடமே வயலின் கற்கத் தொடங்கிய பிள்ளை, எட்டாம் வயதில் லா கொருஞ்ஞா நகரிலே சபையேறியது. செல்வச் சீமாட்டி ஒருவரின் பொருளுதவியால் மட்ரிட் நகரிலே பயிற்சி தொடர்ந்தது. அரசி இரண்டாம் இசபெல்லாவின் முன்னிலையிலும் வாசிக்கும் பேறு கிடைத்தது. இனிக் கற்பதற்குப் பாரிஸ் சங்கீதக் கல்லூரியே தக்கதெனப் பெரியோர் முடிவு செய்தனர். ஏறக்குறையப் பன்னிரண்டு வயதான சிறுவன் தாயாரோடு பிரயாணப்பட்டான். எல்லையைக் கடந்து பிரான்சிலே பயோன் என்னும் நகரை அடைந்த வேளையில் தாயார் உயிர் நீத்தார். மொழியறியாத நாட்டிலே தனியனாகி நின்ற சிறுவனை அந்நகரிலிருந்த ஸ்பானியக் கொன்சல் ஏற்றுப் பேணிப் பாரிசுக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே அலார் என்னும் ஆசிரியரிடம் பயின்று, 1857 ஆம் ஆண்டிலே, பதின்மூன்றாம் வயதில், கல்லூரியின் முதற்பரிசைப் பெற்றான். அன்றுதொட்டு அவருக்கு உறைவிடம் பாரிஸ். மேடைகளோ ஐரோப்பா முழுவதும், அமெரிக்காவிலும் பரந்து கிடந்தன. ஆயினும் ஆண்டுதோறும் யூலை மாதத்திலே பம்பலோனாவில் நடைபெறும் சான் பெர்மின் திருவிழாவுக்கு அவர் தவறாது திரும்பிவந்து ஊரவர்க்கு வாசிப்பது வழக்கமாயிற்று. சிறுவயதிலேயே ஊரை விட்டகன்றவர், தம் ஊரை வயலின் உறையினுள்ளே வைத்துக்கொண்டு உலகைச் சுற்றினார் எனலாம்.

அக்காலத்துப் பாரிஸ் மக்களுக்கு ஸ்பெயின் என்றால் ஒரு மயக்கம். செந்நிற உடை, விசிறி, காளைப்போர், குறத்தியரின் ஆடல் என்றெல்லாம் கற்பனையில் ஒரு தேசத்தை அவர்கள் படைத்து வைத்திருந்தனர். அந்த மயக்கத்தினால் நல்ல சங்கீதமும் விளையாமற் போகவில்லை. எடுவார் லலோ என்னும் பிரெஞ்சு இசைப்புலவர் சரசாத்தேக்கென்றே 'ஸ்பானிய சிம்பனி' என்னும் பெரும் உருப்படியை ஆக்கினார். 1875 ஆம் ஆண்டு பெப்ருவரி 7 ஆந் திகதி பாரிசிலே சரசாத்தே அதனை அரங்கேற்றினார். ஒரு திங்கள் கழியுமுன்னரே, மார்ச் 3 ஆந் திகதி, அதே நகரில் பிஸேயின் 'கார்மென்' இசைநாடகம் மேடையேறியது. பிஸே ஸ்பெயினைக் கண்ணாலும் கண்டவரல்லர். லலோவின் உருப்படி வேறொரு வகையிலும் பயன் தந்தது. 1878 இல் சுவிற்சலாந்தில் தங்கியிருந்த ருஷ்ய மேதை சைக்கோவ்ஸ்கி அதனை வாசித்து மகிழ்ந்த ஊக்கத்திலேயே தம்முடைய புகழ்பெற்ற வயலின் கொன்சேர்ட்டோவை எழுதத் தொடங்கினார்.

'கார்மென்' நாடகத்திலே யாவரும் அறிந்த பாட்டு ஹபனேரா. அதன் கதை சுவையானது. ஹபனேரா என்பது கியூபாத் தீவின் தலைநகராகிய ஹவானாவின் பெயரால் வந்த ஆடல். கடல் கடந்து ஸ்பெயினுக்கு வந்து அங்கே வேரூன்றியது. இராதியேர் என்னும் பாஸ்க் நாட்டுப் பாடலாசிரியர் அவ்வமைப்பில் இயற்றிய பாட்டொன்றை, ஆக்கியோன் பெயரறியா நாட்டுப்பாடல் என்றெண்ணிப் பிஸே எடுத்தாண்டார். உண்மை தெரியவந்தபின் அச்சுப் பிரதியிலே மூலத்தைக் குறிப்பிடவும் செய்தார். இராதியேரோ அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1865 இல், காலமாகிவிட்டார். பின்னர் சரசாத்தே 'கார்மென்' மெட்டுக்களைத் தொகுத்து வயலினுக்கு ஒரு கற்பனைக் கோவையாக்கியபோது அந்த ஹபனேராவும் அதில் இடம்பெற்றது. கியூபாவிற் பிறந்த ஆடல், பாஸ்க் புலவரின் கைபட்டு, பிரெஞ்சு நாடகத்தில் நுழைந்து, நவாரா வித்துவானின் வில்லிலே வந்து சேர்ந்தது. இதில் எது அசல் ஸ்பெயின், எது நகல் என்று பிரித்துக் காண முயல்வோர் இளைத்துப் போவர்.

ஸ்பானிய ஆடல்கள் என்ற தலைப்பிலே சரசாத்தே எட்டு உருப்படிகளை 1878 முதல் 1882 வரையான காலத்தில் நான்கு சுவடிகளாக வெளியிட்டார். பதிப்பித்தவர் பெர்லின் நகரத்துச் சிம்றொக். இங்கே வணிகத்தின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. இதே சிம்றொக் நிலையமே 1869 இல் பிராம்ஸ் அவர்களின் ஹங்கேரிய ஆடல்களையும், 1878 இல் துவொர்சாக் அவர்களின் சிலாவிய ஆடல்களையும் வெளியிட்டது. இல்லங்கள்தோறும் பியானோ ஒலித்த காலம் அது. தேசிய ஆடல்கள் நன்றாக விலைபோயின. ஸ்பெயினின் முறை வந்தபோது அதற்குரிய ஆள் ஆயத்தமாக இருந்தார்.

முதற் சுவடியில் மலகேஞ்ஞாவும் ஹபனேராவும், இரண்டாவதில் அந்தலூசியக் காதற்பாடலும் நவாரா ஹோத்தாவும், மூன்றாவதில் பிளயேராவும் சப்பாத்தெயாதோவும், நான்காவதில் வீத்தோவும் மற்றுமொரு ஹபனேராவும் இடம்பெற்றன. எட்டினுள் தம் சொந்த நாட்டுப் பெயர் தாங்கியது ஹோத்தா ஒன்றே. வடக்கே அரகோன், நவாரா மக்கள் கைகளை உயர்த்தித் துள்ளி ஆடும் மும்மாத்திரை ஆடல் அது. ஏனையவற்றிற் பெரும்பாலானவை தெற்கத்தியவை. வடநாட்டவர் ஒருவர் பாரிசிலே வாழ்ந்துகொண்டு தென்னாட்டு ஆடல்களை ஜேர்மன் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தார் என்று குறைகூறுவோர்க்கு இஃது ஏற்ற இடமே. ஆயினும் ஏட்டைத் திறந்து பார்ப்போர்க்கு வேறொன்று புலனாகும்.

முதலிலே தாளத்தை நோக்குக. ஹபனேராவின் ஓரடியை எட்டுச் சிறு மாத்திரையாகக் கொண்டால், அவை மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு என்று பிரிந்து விழும். முதல் அசை நீண்டு தயங்கும். அடுத்தது சட்டென்று வரும். பின்னிரண்டும் நிதானமாக நடக்கும். அந்தத் தயக்கத்திலேதான் ஆடலின் நளினம் முழுவதும் உள்ளது. ஸ்பானிய ஆடல்களிற் பலவற்றுக்குப் பொதுவான மற்றொரு தந்திரமும் உண்டு. ஆறு மாத்திரையைத் 'தகிட தகிட' என்று இரண்டாகவும் பிரிக்கலாம். 'தக தக தக' என்று மூன்றாகவும் பிரிக்கலாம். இவ்விரண்டும் மாறிமாறி வரும்போது கேட்போனுடைய கால் தானே தடுமாறும். மிருதங்கத்தின் நடைபேதங்களை இரசிக்கும் செவிக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பாஸ்க் மக்களின் சோர்த்சிக்கோ என்னும் ஆடலோ ஐந்து மாத்திரையிற் செல்வது. கண்ட நடை மேனாட்டுச் சபைகளில் அருமையாகவே கேட்கப்பட்ட அந்நாளில், சரசாத்தே தமது 'பாஸ்க் விநோதம்' என்னும் உருப்படியில் அதனைத் துணிந்து ஆண்டார்.

அடுத்தது பண். அந்தலூசிய இசையிலே ஆதார ஸ்வரத்தை அடுத்த ஸ்வரம் மிக நெருங்கி, அரைச்சுர இடைவெளியில் நிற்கும். மேலிருந்து படிப்படியாக இறங்கி அந்த நெருங்கிய ஸ்வரத்திலே சற்று நின்று ஆதாரத்தில் வந்து அமரும்போது ஒரு சோகம் பிறக்கும். ஸ்வரத்தானங்களை மட்டும் கணக்கிட்டால் அது தோடியின் வரிசையே. கமகமும் சஞ்சாரமும் வேறாதலால் தோடியென்று மயங்க இடமில்லை; எனினும் உறவு செவிக்குத் தெரியும். பிளயேரா என்னும் உருப்படி இவ்வகைப் புலம்பற் பாட்டைத் தழுவியது. தாளக்கட்டுத் தளர்ந்து, குரல் ஒன்று தனியே அழுது வளைந்து செல்வதுபோல வயலின் அதிலே பாடும். வேகமோ வித்தையோ அதிற் சிறிதே. சரசாத்தேயை வெறும் வேகக்காரர் என்போர் அதனை ஒருமுறை கேட்டல் நன்று.

இனி, வித்தை என்று பழிக்கப்படும் பகுதிக்கு வருவோம். ஸ்பானிய ஆடலரங்கிலே மெட்டைப் பாடும் குரல் ஒன்று மாத்திரம் இல்லை. கிற்றாரின் தெறிப்பு, உள்ளங்கையில் அடங்கும் இரு மரக்கிண்ணங்களைச் சிப்ளாக்கட்டை போலப் படபடவென்று மோதும் ஒலி, சூழ்ந்து நிற்போரின் கைதட்டல், குதிகாலின் இடி என்பன யாவும் சேர்ந்ததே அவ்வரங்கு. இவற்றை நான்கு தந்திகளும் ஒரு வில்லும் கொண்டு தோற்றுவிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் கையாண்ட உபாயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், கடினமானவை எனினும், காரணமின்றிப் புகுத்தப்பட்டவை சிலவே எனக் காணலாம்.

வில்லைத் தந்தியிலே அழுத்தி இழுப்பது வழக்கமான முறை. அதனைத் தளர்வாகப் பிடித்து, நடுப்பகுதி தந்தியின்மீது பந்துபோலத் துள்ளுமாறு விட்டால், ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து உலர்ந்து தெறிக்கும். சப்பாத்தெயாதோவிலே குதிகாலின் பணியைச் செய்வது இத்துள்ளலே. இதனை ஆறு மாத்திரை நடையிலே, விரைந்த காலத்திலே, இரண்டு நிமிடத்துக்கு மேலாகக் காப்பது இலகுவன்று. வில் அரை நூல் உயரம் மிகையாகத் துள்ளினால் ஓசை கலையும்; குறைவாகத் துள்ளினால் குதிகால் சேற்றில் அழுந்தியதுபோல ஆகும்.

வலக்கை வில்லை நடத்திக்கொண்டிருக்க, இடக்கையின் விரலே தந்தியைச் சுண்டி மீட்டுவது மற்றோர் உபாயம். ஒரு ஸ்வரம் வில்லால் ஒலிக்கும். அடுத்தது விரலாற் தெறிக்கும். செவிக்கோ இருவர் வாசிப்பதுபோலத் தோன்றும். சரசாத்தேக்கு முன் வாழ்ந்த இத்தாலிய மேதை பகனினி இதனைச் சபையோரை வியப்பில் ஆழ்த்துதற்குப் பெரிதும் கையாண்டார். சரசாத்தேயின் ஆடல்களில் அதுவே கிற்றாராகிவிடுகிறது. அருகே பியானோவும் தன் பெருங்குரலை அடக்கிக்கொண்டு கிற்றாரைப் போலவே பிடிகளை அளந்து தட்டிக்கொண்டிருப்பதால், தெறிப்பொலி எங்கிருந்து வந்ததென்று ஒரு கணம் விளங்காது.

மூன்றாவது, சீழ்க்கை போன்ற மேலொலி. தந்தியை அழுத்தாது விரல்நுனியால் மெல்லத் தொட்டு வில்லிட்டால் புல்லாங்குழலை ஒத்த நாதம் எழும். முதல் விரலால் ஒரு ஸ்வரத்தை அழுத்திக்கொண்டு, அதற்கு மத்திமமாக அமையும் இடத்தைச் சின்னவிரலால் தொட்டால், அழுத்திய ஸ்வரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே ஒலி கேட்கும். விரல்களின் இடைவெளி சிறிது பிசகினாலும் ஒலியே பிறவாது. சரசாத்தேயின் சுருதிச் சுத்தமோ அக்காலத்துப் பிறரை வெட்கச் செய்தது. இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசித்து இருவர் இணைந்து பாடுவதுபோலச் செய்தலும் இவ்வாடல்களிலே அடிக்கடி வரும்.

இத்தனையையும் அவர் செய்தபோது உடம்பிலே சிரமத்தின் சாயல் எதுவும் காணப்படவில்லை என்று கேட்டவர் பலரும் எழுதிவைத்தனர். மேலுடம்பு அசையாது நிற்கக் காலடியிலே மழை பொழியும் சப்பாத்தெயாதோ ஆடுவோனும் அத்தகையோன்தானே! இலண்டன் மக்கள் அவரிடம் கொண்ட மோகத்துக்குச் சான்று, 1891 இல் வெளிவந்த ஷேர்லொக் ஹோம்ஸ் கதையொன்றிலேயே உண்டு. செந்தலையர் சங்கத்தைப் பற்றிய அக்கதையில், துப்பு ஆராய்ந்துகொண்டிருந்த ஹோம்ஸ் அலுவலைச் சற்று நிறுத்திவிட்டு நண்பரோடு சென்று கேட்பது சரசாத்தேயின் கச்சேரியையே.

இவ்வளவும் கூறியபின் குறையையும் கூறுதல் முறை. ஆடலரங்கிலே ஆடுவோனும் கிற்றார் வாசிப்போனும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு அவ்விடத்திலேயே புதியன படைப்பர். அச்சேறிய உருப்படியில் அஃது இல்லை. தென்னாட்டுப் பாடகனின் கரகரத்த, காயம்பட்ட குரலும் இல்லை. சரசாத்தேயின் நாதம் தூயது, இனியது. தூசியும் வியர்வையும் அதிற் படிவதில்லை. மலகேஞ்ஞா மீன்பிடி ஊரிலிருந்து புறப்பட்டு வெண்கையுறை அணிந்த சபைக்கு வரும்போது முகம் கழுவிக்கொண்டே வந்தது. அவருக்குப் பின்வந்த மனுவேல் டி பாயா இதனை நன்கு உணர்ந்தார். 1922 ஆம் ஆண்டு யூனில், கவிஞர் லோர்க்கா முதலிய நண்பர்களோடு சேர்ந்து, அந்தலூசியாவின் ஆழ்ந்த பழம்பாட்டு மறைந்துபோகாது காக்கும்பொருட்டுக் கிரனடா நகரிலே போட்டிவிழா ஒன்றை அவர் நடத்தினார். தொழின்முறைப் பாடகரை விலக்கி, கிராமத்து முதியோரையும் இளையோரையும் தேடி மேடையேற்ற முயன்ற விழா அது. பாயாவின் சங்கீதத்திலே கேட்கும் வறண்ட மண்ணின் மணம் சரசாத்தேயிடம் இல்லைதான். ஆனாற் பாயாவின் பாட்டுக்களும் பின்னர் வயலினுக்கு மாற்றப்பட்டே பல மேடைகளுக்குச் சென்றன என்பதும், அம்மேடைகளிலே ஸ்பானிய வில்லுக்கு முதலில் இடம்பிடித்துக் கொடுத்தவர் யார் என்பதும் மறக்கற்பாலன அல்ல.

தமக்கு எது இயலும் என்பதைச் சரசாத்தே நன்கறிந்தவர். பிராம்சின் வயலின் கொன்சேர்ட்டோவை அவர் வாசிக்க மறுத்தமைக்குக் காரணமாக ஒரு கதை வழங்குகிறது. அதன் இரண்டாம் பகுதியிலே ஓபோ என்னும் குழல் வாத்தியம் நல்ல மெட்டை வாசிக்கத் தாம் வயலினைக் கையிற் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்பதா என்று கேட்டாராம். பெருமிதக்காரரின் பேச்சு என நகைக்கலாம். மெட்டே முதன்மை என்று வாழ்ந்தவரின் பேச்சு எனவும் கொள்ளலாம்.

1908 ஆம் ஆண்டு செப்டெம்பர் 20 ஆந் திகதி, பிரான்சின் பியாரிற்ஸ் நகரிலே அவர் மறைந்தார். தாயார் உயிர்நீத்த பயோன் நகருக்கு அஃது அயலூர். உடல் பம்பலோனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இரண்டு ஸ்திராடிவாரி வயலின்களில் 1724 இற் செய்யப்பட்டதைப் பாரிஸ் கல்லூரிக்கும், 1713 இற் செய்யப்பட்டதை மட்ரிட் கல்லூரிக்கும் அவர் எழுதிவைத்திருந்தார். வளர்த்த நாட்டுக்கு ஒன்று, பெற்ற நாட்டுக்கு ஒன்று.

அவர் வாசிப்பு அடியோடு அழிந்துவிடவில்லை. 1904 ஆம் ஆண்டிலே, அறுபதாம் வயதில், பாரிசிலே கிராமபோன் கம்பனியாரின் ஊதுகுழலுக்கு முன்னே நின்று சில இசைத்தட்டுக்களை அவர் பதிந்தார். ஒலிப்பதிவுக்கு ஒலிவாங்கி பயன்படாத காலம். குழலின் வாயை நோக்கி நின்று, தட்டு முடியுமுன் உருப்படியை முடித்தாக வேண்டும். அவற்றுள் ஒன்றில், ஹங்கேரிய மெட்டுக்களாற் புனைந்த உருப்படி ஓடிக்கொண்டிருக்கையிலே, மனிதர் ஒருவர் ஏதோ சொல்லும் குரலும் கேட்கும். அது சரசாத்தேயின் குரலே என்பர். மற்றொரு தட்டிலே சப்பாத்தெயாதோ உண்டு. இரைச்சலுக்கு ஊடே பியானோ தொலைவிலே மங்கி ஒலிக்கிறது. பின்னர் வில் துள்ளத் தொடங்குகிறது. மிக விரைவாக, மிக இலேசாக, பலகைத் தளத்திலே சப்பாத்து விழுவது போலவே.